ஈசான மூலைச் செம்பு

குழியைத் தோண்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தீவில், ரோஸ் ஹில் ஊரில், அக்கா வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் இருந்தது. பெரிய சூறாவளியில் கடை போய்விட்டது. மரக் கடை, தகரக் கூரை. காலையில் போய்ப் பார்த்தபோது கூரை சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அக்கா வீடு நின்றது. அது கருங்கல் சுவர், சுண்ணாம்புக் கட்டு. அத்தான் கட்டியது. அவர் ரயில்வேயில் பாலம் பழுது பார்க்கிற கூட்டத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து அந்த வீட்டை நாலு வருஷத்தில் எழுப்பினார்.

கடைக்காரர் சில வருஷம் கொட்டகை போட்டு வியாபாரம் பார்த்தார். பிறகு கான்கிரீட்டில் கட்டப் போகிறேன் என்றார். மேலே வீடு, நடுவில் கடை, கீழே ஒரு கவ். நிலத்துக்குக் கீழே இருக்கிற சரக்கறையை நாங்கள் கவ் என்போம். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இனிமேல் காற்றின் கையில் சிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. என்னைக் கூப்பிட்டார்.

நான் மசோன். தமிழில் கொத்தன். சின்ன வயதில் தெற்கே ஒரு சர்க்கரை ஆலையில் சுண்ணாம்புச் சூளைக்குக் கல் சுமந்தேன். கல் வைக்கவும் அங்கேதான் கற்றேன். பள்ளிக்கூடம் மூன்று வருஷம். தமிழ் எழுத்து கோயில் மாலை வகுப்பில் வந்தது. வீட்டில் எங்களுக்கு இந்தத் தீவின் பேச்சான கிரியோல்தான். அக்காவும் அத்தானும் மட்டும் தங்களுக்குள் தமிழ் பேசுவார்கள். அதிலும் பாதி கிரியோல். எல்லார் பேச்சையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

தோண்டும் முன் அத்தானிடம் கேட்டேன். அப்போது அவர் நடந்துகொண்டிருந்தார். சுவர் ஓரமாக வந்து நின்று காலால் தரையை இரண்டு தடவை மிதித்தார்.

"பாறை மேல நிக்குது வீடு. நீ தோண்டு."

தோண்டினேன். எட்டடி ஆழம் போக வேண்டும். மேலே மூன்றடி செம்மண். அதற்குக் கீழே கருங்கல். சாலைப் பக்கம், அதாவது மேற்கே, கடப்பாரை நெருப்புப் பொறி விட்டது. அது பாறைதான். கிழக்கே போகப் போகச் சத்தம் மாறியது. அங்கே இருந்தது பாறை இல்லை. பெரிய பெரிய உருண்டைக் கல். களிமண்ணுக்குள் கிடக்கிறது. அத்தான் வீட்டின் சுவர் கொஞ்சம் பாறையிலும் மீதி இந்தக் கல்லிலும் நின்றது. இதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலையை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். ஆட்கள் வந்திருந்தார்கள், லாரி வந்திருந்தது, தோண்டினேன்.

தோண்ட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அத்தான் விழுந்தார். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கோப்பை கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. டாக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை, சில வாரம் இருப்பார், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அவரைக் குழியை ஒட்டிய கிழக்கு அறையில் கட்டிலில் படுக்க வைத்தாள். அது அவர்களுடைய அறைதான்.

அவருக்கு ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. "ஈசா." இடது கையைத் தூக்குவார், சுவர்ப் பக்கம் நீட்டுவார், "ஈசா... ஈசா..." என்பார். அக்கா உடனே கற்பூரம் ஏற்றுவாள். எல்லாம் போன பிறகும் சாமி பேர் மட்டும் வாயில் நிற்கிறது என்று வருகிறவர்களிடம் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கோயில்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று தேவாரம் பாடிவிட்டுப் போனார்கள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் மறுபடியும் கையைத் தூக்கினார்.

பிறகு மழை. குளிர் காலத்துத் தூறல்தான், ஆனால் ஐந்து நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் வக்குவாவில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, சுவருக்குக் கீழே இருந்த ஒரு உருண்டைக் கல் குழிக்குள் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு பொந்து. அதிலிருந்து செம்மண் கஞ்சி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே போனேன். கிழக்கு அறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். சுண்டுவிரல் நுழைந்தது.

அக்கா விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ தோண்டினது."

"ஆமா."

"நீயே சரி பண்ணு."

அவ்வளவுதான் பேசினோம். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழிக்குப் போய்ப் பொந்துக்குள் கல்லும் மூட்டையில் மண்ணும் அடைத்தேன்.

மூன்றாம் நாள் நகரசபை ஆள் வந்தார். டை கட்டியிருந்தார். இப்படிப்பட்டவரை இங்கே மிஸ்யே, அதாவது ஐயா, என்போம். நல்ல மனுஷன். குழிக்குள் இறங்கிக் காலைச் சேறாக்கிக்கொண்டு பார்த்தார். பதினைந்து நாளில் சுவருக்கு அடித்தளம் போட்டு நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இடித்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் கிழக்கு அறையில் யாரும் படுக்கக் கூடாது என்றார்.

நாங்கள் அத்தானை மாற்றிப் பார்த்தோம். நான் தலைப் பக்கம், என் கூட்டாளி கால் பக்கம். கட்டிலைத் தூக்கியதும் அத்தான் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "ஈசா ஈசா ஈசா" என்று வேகமாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது. கட்டிலை இறக்கிவிட்டோம்.

அக்கா அந்தக் காகிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அவர் இந்த வீட்ட விட்டுப் போறது ஒரு தடவதான். அது எப்பன்னு அந்த மிஸ்யே சொல்ல வேணாம்."

ஆக, வேலை இதுதான். பதினைந்து நாள். மேலே கட்டிலில் அத்தான். அவருக்கு நேர் கீழே நாங்கள். சுவர் நின்றால் அவர் தன் அறையில் சாவார். நிற்காவிட்டால் வேறு எங்கேயோ, அல்லது அந்தச் சுவருக்கு அடியில்.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கிரியோல்காரர், தேர் ரூஜ் பக்கம் வீடு. அத்தானோடு ரயில்வேயில் வேலை செய்தவர். தீவில் ரயில் ஓட்டத்தையே நிறுத்தியபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். அத்தானை எப்போதும் ஷெஃப், அதாவது தலைவர், என்றுதான் சொல்வார். தண்டவாளத்துக் கட்டைகள் எட்டும், இரண்டு கிரிக்கும் கொண்டு வந்தார். கிரிக் என்றால் திருகித் தூக்குகிற இரும்பு ஜாக்கி. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் குழிக்குள் இறங்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"மசோன், நீ தோண்டினா வீடு விழுது. அடுத்த தடவ தோண்டாமலே மூடு."

நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

சுவரை வெளிப்பக்கம் சுண்ணக்கட்டியால் ஏழு பாகமாகக் கோடு போட்டேன். ஒவ்வொன்றும் நாலடி. மேற்கேயிருந்து ஒன்று, இரண்டு என்று எண் எழுதினேன். ஒன்று பாறை மேல் இருந்தது, அதைத் தொட வேண்டாம். ஏழு கிழக்கு மூலை. அடுத்தடுத்த இரண்டு பாகத்தை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. திறந்தால் சுவருக்குப் பிடிப்பு இருக்காது. கல் விழுந்த நாலாவது முதலில். பிறகு இரண்டும் ஆறும். பிறகு மூன்றும் ஐந்தும். கடைசியாக மூலை. மூலை இரண்டு சுவரைத் தாங்குகிறது. பக்கத்தில் இருப்பது இறுகின பிறகுதான் அதன் அடியில் கை வைக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் அக்கா வந்து குழி ஓரத்தில் நின்றாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"ஈசான மூலையத் தொடாத. அத்தான் அங்க செம்பு வச்சிருக்காரு."

வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது எங்கள் ஆட்கள் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், ஒரு பித்தளைச் செம்பில் நவதானியமும் மஞ்சளும் காசும் போட்டுப் புதைப்பார்கள். அது சாமி மூலை. அதைத் தோண்டினால் வீட்டுக்கு உயிர் இல்லை என்பார்கள். அத்தான் செம்பு வைத்த நாளில் நான் ஆலையில் இருந்தேன். அக்கா அப்போது மாமியார் வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் பார்க்கவில்லை. வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னதுதான் தெரியும்.

நான் யோசித்தேன். சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நின்றால் இடது கை வடக்கு. வீட்டின் வடகிழக்கு மூலை பின்னால் சமையலறைப் பக்கம். குழி இருப்பது தெற்கே. அந்த மூலைக்கும் நம் வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

"தொட மாட்டேன்" என்றேன். ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

சமையலறை அந்த மூலையில் இருக்கிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அடுப்புக்கு உரிய மூலை அக்கினி மூலை, தென்கிழக்கு. அத்தான் மாதிரி ஆள் சாமி மூலையில் அடுப்பு வைக்க மாட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை.

வேலை நடந்தது. அடித்தளத்துக்குக் கீழே நாலடி அகலத்துக்குப் பொந்து தோண்டி, குழித் தரைக்கும் கீழே போய், கெட்டியான இடம் கண்டு, பலகை அடித்து, கான்கிரீட் போட வேண்டும். பழைய சுவரின் அடிக்கல்லுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்த இடைவெளியில் உலர்ந்த கலவையை வைத்து இடிக்க வேண்டும். அந்தக் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தண்ணீர் வராது. சவுக்குக் கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் சுவர் புது அடித்தளத்தின் மேல் உட்காரும். அவசரப்பட்டு நீர்க் கலவையை ஊற்றினால் அது காயும்போது சுருங்கும். சுவர் அந்த அளவுக்கு இறங்கும்.

சிமெண்டும் மணலும் கடைக்காரர் கொடுத்தார். தினமும் வந்து பார்ப்பார். கடவுள் செயல் என்பார். என் கூட்டாளி ஒரு நாள், கடவுள் கையில் கடப்பாரை இருந்ததை நான் பார்க்கவில்லையே மிஸ்யே என்றார். அதற்குப் பிறகு கடைக்காரர் பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் காலையில் வந்தவுடன் முதலில் அதைப் பார்ப்பேன். பிறகு அத்தானைப் பார்ப்பேன். அவர் கையைத் தூக்கி, "ஈசா" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுக் குழிக்குப் போவேன். கீழே நாங்கள் இடிக்கும்போது அவர் கட்டில் அதிரும். மேலேயிருந்து ஈசா ஈசா என்று கேட்கும். ஜன்னல் வழியாகக் கற்பூர வாசனை வரும். சாலையில் தேர்தல் வண்டி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போகும். சுதந்திரம் வேண்டும் என்று ஒரு வண்டி, வேண்டாம் என்று ஒரு வண்டி. எல்லாச் சத்தமும் குழிக்குள் ஒன்றாகத்தான் விழுந்தது.

"ஷெஃப் நிறையப் பேசுறாரு" என்றார் கூட்டாளி. "ரயில்வேல இவ்வளவு பேசமாட்டாரு. கையால காட்டுவாரு, நாங்க செய்வோம்."

அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள், பாறை மேல் இருந்ததையும் சேர்த்து, ஆறு பாகமும் நின்றன. கண்ணாடி உடையவில்லை. பன்னிரண்டாம் நாள் மூலைக்கு வந்தோம். மூலைக்கு வெளியே தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் கிரிக்கை வைத்து, சுவரில் துளை போட்டுச் செருகின இரும்பைத் தாங்கக் கொடுத்தோம். காலையெல்லாம் மண் எடுத்தேன். வழக்கமான செம்மண். உச்சி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அடிக்கல்லுக்குக் கீழே கடப்பாரையை நீட்டி ஒரு குத்து குத்தினேன்.

கல்லில் பட்டால் கணீர் என்று கேட்கும். மண்ணில் பட்டால் சத்தம் வராது. இது இரண்டும் இல்லை. பானையைத் தட்டினது மாதிரி இருந்தது. பிறகு உள்ளே ஏதோ பிளந்தது.

மூலை இறங்கியது. ஒரு விரல்கடை இருக்கும். அதைப் பார்த்தேன் என்பதைவிடத் தோளில் உணர்ந்தேன் என்று சொல்லலாம். மேலே கண்ணாடி உடைந்து தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

கூட்டாளி கிரிக்கின் கம்பியைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிட்டார். நான் குழியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு, அத்தானை இழுத்துக்கொண்டு வெளியே போ என்றேன். அக்காவின் முகம் ஜன்னலில் வந்தது.

"நீ உன் வேலையப் பாரு."

போய்விட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினார். நான் ஆப்புகளை அடித்தேன். இரும்பு முனகியது, பிறகு முனகல் நின்றது. நான் தூக்குநூல் விட்டுப் பார்த்தேன். மூலை நின்றது. கூட்டாளி கம்பியை விட்டுவிட்டுக் குழித் தரையில் அப்படியே உட்கார்ந்தார். சுருட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

பிறகு பொந்துக்குள் கையை விட்டேன். செதுக்கின கல் பலகைகள் நாலு. பெட்டி மாதிரி வைத்து, மேலே ஒரு மூடிக் கல். மூடி இரண்டாக உடைந்திருந்தது. ரயில்வே வேலை. அவ்வளவு சுத்தமாகக் கல் செதுக்குகிறவர் ஒருவர்தான். உள்ளே செம்பு சாய்ந்து கிடந்தது. என் கடப்பாரை பட்ட இடத்தில் ஒடுங்கியிருந்தது. வாயைத் துணி கட்டி மெழுகு வைத்து அடைத்திருந்தார். மெழுகு வெடித்து, தானியம் கறுப்பு மாவாகி வெளியே கொட்டியிருந்தது.

செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் நிமிர்ந்து நின்றேன். உச்சி வெயில். என் நிழல் கடைப் பக்கம் விழுந்திருந்தது. தெற்கே.

அப்போது நினைவு வந்தது. பல வருஷத்துக்கு முன் வக்குவாவில் என் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் போடும்போது அத்தான் வந்திருந்தார். ஒரு குச்சியை நட்டார். உச்சி வரும் வரை காத்திருந்தார். நிழல் போன பக்கத்தைக் காட்டி, "இது வடக்கு. எங்கப்பா சொன்னது" என்றார். அவர் அப்பா கப்பலில் வந்தவர். அங்கே ஊரில் உச்சி நிழல் பெரும்பாலும் வடக்கே விழுமாம். இங்கே சூரியன் வருஷத்தில் முக்கால்வாசி வடக்குப் பக்கமாகப் போகிறது, நிழல் தெற்கே விழுகிறது. எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அக்கா புருஷன், வயதில் பெரியவர். சரி அத்தான் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். நான்தான் சுவர் கட்டினேன், எனக்குத் தெரிந்த வடக்கில் கட்டினேன். அவர் வீட்டை அவர் தன் வடக்கில் கட்டியிருக்கிறார். அவர் கணக்கில் நான் நிற்கிற தென்கிழக்கு மூலைதான் ஈசானம், சமையலறை இருப்பது அக்கினி மூலை.

ஈசா என்றதும் அதுதான். அவர் சாமியைக் கூப்பிடவில்லை. ஈசானம் என்று சொல்லப் பார்த்தார், பாதிதான் வந்தது. கையால் இடத்தைக் காட்டினார். செம்பு இங்கே இருக்கிறது, அடியில் வெற்றிடம் இருக்கிறது, பார்த்துத் தோண்டு. ஒரு மாதமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கற்பூரம் ஏற்றினோம்.

அக்கா கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போகும் வரை காத்திருந்தேன். செம்பை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அத்தான் கண் திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. சாக்கைப் பிரித்துக் காட்டினேன்.

இடது கையால் தொட்டார். ஒடுங்கின இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அத்தான், கிடைச்சிருச்சு. திரும்ப அங்கயே வச்சிடறேன். ஈசானத்துலயே."

வடக்கு தெற்கு நான் பேசவில்லை. அவர் கையைப் போர்வை மேல் வைத்துக்கொண்டார்.

மறுபடியும் வெற்றிடம் விடக் கூடாது. கொட்டின மாவை ஒன்று விடாமல் அள்ளிச் செம்புக்குள் போட்டேன். காசும் உள்ளேதான் இருந்தது. மீதி இடத்தில் கலவையை நிரப்பினேன். கல் பெட்டியை எடுத்துவிட்டு, மூலையின் அடியில் கான்கிரீட் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே செம்பை நேராக நிறுத்தி, சுற்றியும் மேலேயும் போட்டு மூடினேன். கூட்டாளி பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து உலர்ந்த கலவையை இடித்து ஏற்றினேன். கிரிக்கை இறக்கினோம். சுவர் உட்கார்ந்தது. புதுக் கண்ணாடி ஒட்டினேன். பதினைந்தாம் நாள் நகரசபை ஆள் வந்தார், கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியத்திலிருந்து, அதாவது செம்பைக் காட்டினதிலிருந்து, அத்தான் ஈசா என்று சொல்லவில்லை.

அக்கா முதல் நாள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கற்பூரத்தை ஏற்றிக் கட்டில் பக்கம் கொண்டு போய், சொல்லுங்க, சொல்லுங்க என்று கேட்டாள். அவர் சுடரைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை. நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"சாமி பேரையே விட்டுட்டாரு. நீ ஈசான மூலையத் தொட்டியா?"

"சமையக்கட்டுப் பக்கம் கையே வைக்கல அக்கா."

அது உண்மை. அதைப் போல ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

நகரசபை ஆள் கையெழுத்துப் போட்ட பிறகு அத்தான் பதினோரு நாள் இருந்தார். அதே அறையில், அதே கட்டிலில், ஒரு காலை நேரத்தில் போனார். கண்ணாடி உடையவில்லை. மாலையில் அவரை வெளியே எடுத்தோம். ஷெஃப் கனமே இல்லை என்றார் கூட்டாளி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு நானும் அக்காவும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கடைசிப் பதினாலு நாளும் சாமி அவரைவிட்டுப் போய்விட்டது என்றாள். கண்ணாடி உடைந்தபோது தான் சாமியை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதாகவும், அதனால்தான் என்றும் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லையாம். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தூங்கிப் பல நாள் ஆகிறது என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

நான் சொல்லிவிட்டேன். செம்பு, நிழல், கை காட்டினது, எல்லாம். என்னால் நீளமாகப் பேச முடியாது. நாலு வார்த்தையில் சொன்னேன்.

அக்கா தன் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"அப்ப ஒரு மாசமா நான் யாருக்குக் கற்பூரம் காட்டினேன்?"

தேநீர் ஆறிவிட்டது.

"அங்கயே வச்சியா?"

"அங்கயே."

"நேரா வச்சியா?"

"நேராத்தான்."

அவள் எழுந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். திரும்ப ஊற்றப் போனவள் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள்.

"அப்ப இது எந்த மூல?"

"ஈசானம்."

இருபது வருஷம் அவள் சமைத்த அடுப்பு. தீயைக் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

"நல்லாத்தான் எரியுது" என்றாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கற்பூரத்தை எங்கே ஏற்றுவது என்று அவள் என்னைக் கேட்கவுமில்லை. கடைக்காரர் கவ்வைக் கட்டி முடித்தார். நான் அங்கே வேலை செய்யவில்லை, வேறு ஆள் செய்தார். விரிசலைச் சாந்து வைத்து மூடினேன். கண்ணாடித் துண்டை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள். சுதந்திரம் வந்து கொடி மாறின வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோதும் அதைச் சுற்றித்தான் அடித்தோம். வெள்ளிக்கிழமைகளில் ஈரத் துணியால் அதைத் துடைப்பாள். நான் போகும்போதெல்லாம் இப்போதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.